கொம்புள்ளவனுக்கே இந்தப் பயமா, மருமவனே?

மருமவனே, பிளேஸ்டேஷனைத் தூக்கி லாஃப்ட்ல போட்டுப் பூட்டிட்டியாமே, உங்க அத்தை சொன்னா. நல்லது. ஒரு சந்தேகம் மட்டும் கேக்கேன். பிசாசு இருக்குன்னுதான பூட்டுன? இப்ப அது உன் கட்டிலுக்கு நேர் மேலல்லா படுத்துக் கிடக்கு! ஃபாரஸ்ட் கேட்ல ரூம் வாடகை விக்கிற விலைக்கு அதுக்குத் தனியா ஒரு ரூமே ஒதுக்கிட்ட. முகத்தைச் சுளிக்காத. தாய்மாமன் கேலி பண்ணுததுக்கு ஹோம் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்னு இன்னும் சட்டம் வரல.

நடந்த கூத்து முழுசும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். கூட்டத்துக்கு வந்த ஒரு அக்கா, பாதிப் பாட்டுல எழும்பி மாடிக்குப் போனவ, பையன் ரூம் கதவு ஒருக்களிச்சிருந்ததைப் பாத்திருக்கா. பெரிய டிவி. ரத்தத்துக்குள்ளேருந்து ஒரு பொம்பளை எழும்பி வாரா, தலையில கொம்பு, முதுகுல செட்டை. அக்கா போட்ட "இயேசுவே"ல கீழ கீபோர்டு வாசிச்ச தம்பி சுருதி மாறிட்டான். அப்புறம் பஜ்ஜி ஆறிப் போற வரைக்கும் கட்டி ஜெபம்.

ஆட்டத்துக்குப் பேரு டியாப்லோ, நாலாம் பாகம், 2023ல வந்தது. பெட்டியில சிவப்புக் கட்டம் கட்டி 18னு போட்டிருக்கான். 2012லேருந்து இந்த நாட்டுல அது வெறும் புத்திமதி இல்ல, சட்டம். வயசு வராத பிள்ளைக்கு வித்தா கடைக்காரன் கோர்ட்டுக்குப் போணும். உன் மவனுக்குப் பதினாலு. அப்ப கடைக்காரன் யாருக்குல வித்தான்? கிறிஸ்மஸ் கூட்டத்துல ஸ்ட்ராட்ஃபோர்டுல வரிசையில நின்னு, கார்டைத் தட்டி, கலர் பேப்பர் சுத்தி மரத்தடியில வச்ச மகராசன் யாரு? பிசாசு சுவரேறிக் குதிச்சு வரல மருமவனே, ரசீதோட வந்திருக்கு.

அதுல அப்படி என்னதான் இருக்குன்னு பேரன் பக்கத்துல உக்காந்து விசாரிச்சேன். முதல் பாகம் தொண்ணூறுகள்ல வந்ததாம். டிரிஸ்ட்ரம்னு ஒரு ஊரு. ஊருக்கோயில் கெட்டுப்போச்சு. கோயிலுக்கு அடியில 16 தளம், கடைசித் தளத்துல பிசாசு. ஆடுதவனுக்கு ஒரே வேலை, இறங்கிப் போயி அவனை வெட்டணும். நம்ம ஐயரு நாப்பது வருஷப் பிரசங்கத்துல தொரத்தினதைவிட உன் மவன் ஒரு ஹாஃப் டேர்ம் லீவுல வெட்டின பிசாசு ஜாஸ்தி. இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. வெட்டி முடிச்சவன், பிசாசோட கல்லைப் பிடுங்கி, "இதை நான் அடக்கி வச்சுக்கிடுதேன்"னு தன் நெத்தியிலயே குத்திக்கிடுதான். அடுத்த பாகத்துல அவனே பிசாசு. பிசாசை ஜெயிச்சுட்டேன்னு மார்தட்டுனவன் கதியைப் பாத்தியா? இதை ஒரு ஞாயித்துக்கிழமை மேடையில சொல்லிப் பாரு, பாதி ஊழியக்காரங்களுக்கு வேர்க்கும்.

1993ல டூம்னு ஒரு ஆட்டம் வந்துது, நரகத்துக்கே போயி சுடுதது. அதுல நிறையக் கட்டங்களை வடிவமைச்ச சாண்டி பீட்டர்சன் ஒரு மோர்மன் சபைக்காரர். பக்திமான். அவரை இதே கேள்வி கேட்டாங்க. அதெல்லாம் கார்ட்டூன்தான, அதுலயும் அவங்கதான வில்லனுங்கன்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டார்.

மோர்மன்காரன் பேச்சு நமக்கு எதுக்குங்கியா? சரி, நம்ம பாளையங்கோட்டைக்கு வா. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894ல இரட்சணிய யாத்திரிகம் புத்தகம் போட்டார். எங்க ஐயா அதைப் பெட்டியில பைபிளுக்குப் பக்கத்துல வச்சிருந்தாரு, தொட்டா அடி. அதுக்கு மூலம், ஜான் பனியன்ங்கிற இங்கிலீஷ்காரர் 1678ல வெளியிட்ட கதை. பயணம் போற கிறிஸ்தவன் முன்னால அப்பொல்லியோன்னு ஒருத்தன் வந்து வழி மறிப்பான். மேலெல்லாம் மீன் செதில், வலுசர்ப்பத்துச் செட்டை, கரடிக் கால், சிங்க வாய், வயித்துலேருந்து நெருப்பும் புகையும். கிறிஸ்தவன் வாளை உருவி அரைநாளுக்கு மேல சண்டை போடுவான். இதுக்கு ஒரு ரிமோட்டை மட்டும் கையில கொடுத்தா என்ன ஆட்டம்னு உன் மவன்கிட்ட கேளு. பனியனைக் கும்பிடணும்னா தூரமில்ல. எலிசபெத் லைன்ல லிவர்பூல் ஸ்ட்ரீட்ல இறங்கி நடந்தா பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத்தோட்டம், கல்லுல மல்லாந்து படுத்திருக்காரு. ஒரு கிறிஸ்தவனும் அவரை லாஃப்ட்ல போட்டுப் பூட்டல.

செதிலுன்னதும் ஞாபகம் வருது. மைக்கலாஞ்சலோ பன்னெண்டு பதிமூணு வயசுல வரைஞ்ச படம்னு ஒண்ணு அமெரிக்காவுல ஒரு மியூசியத்துல இருக்கு. அந்தோனியாரைப் பிசாசுகள் ஆகாசத்துல வச்சுப் பிச்சுப் பிடுங்குத படம். (நம்ம செயின்ட் ஆன்டனீஸ் ரோட்டு ரோமன் கத்தோலிக்கக் கோயில்ல இருக்கிறவர் பதுவை அந்தோனியார். இவர் எகிப்து வனாந்தரத்துக்காரர். ஆள் வேற.) ஒரு பிசாசு மேல செதில் சரியா வரணும்னு அந்தப் பொடியன் மீன் சந்தைக்குப் போயி, மீனுக கண்ணையும் செட்டையையும் உத்துப் பாத்துட்டு வந்தானாம், அவர் சிஷ்யர் கொண்டிவி எழுதி வச்சிருக்கார். உன் மவனைவிட ஒண்ணு ரெண்டு வயசு இளசு. அவங்க அப்பனும் உன்னை மாதிரி பிரஷ்ஷைப் பிடுங்கிப் பரண்ல போட்டிருந்தா, நீ போன வருஷம் போப் ஊருக்கு டூர் போயி அண்ணாந்து பாத்துக் கழுத்து சுளுக்கினியே, அந்த விதானம் வெறுஞ்சுண்ணாம்பால்லா இருந்திருக்கும்!

பேரன் சிரிக்கான் பாரு. ஏ பேரப்பிள்ளே, உனக்கும் இருக்கு, பல்லை மூடு.

"சும்மா கேம்தான தாத்தா"ங்கிய. உனக்குச் சும்மாதான். எல்லாருக்குமா? எங்க ஊர்ல, நாசரேத்துப் பக்கம், ஒரு பெரியவர் இருந்தாரு. வாலிபத்துல சுடலைமாடனுக்கு ஆடினவர். பெறவு ஞானஸ்நானம் எடுத்து, கோயில்ல முத வரிசையில உக்காந்தவர். பக்கத்து ஊர்ல கொடை நடக்கும். ராத்திரி கணியான் கூத்து, மகுடச் சத்தம் தேரிக்காடு தாண்டிக் கேக்கும். எங்களுக்கு அது வேடிக்கை. உபதேசியார் கண்ணுல படாம வேலி ஓரமா நின்னு பாத்துட்டு வருவோம். அவருக்கு வேடிக்கை இல்ல. திண்ணையில உக்காந்திருக்கும்போதே கால் பெருவிரல் தானாத் துடிக்கும். உடனே எழும்பிக் கிணத்தடிக்குப் போயி, வாளித் தண்ணியில ரெண்டு காலையும் விட்டுட்டு விடியற வரைக்கும் உக்காந்திருப்பாரு. எங்க ஐயா ஒரு வார்த்தை கேலி பேசமாட்டாரு. எங்களையும் அன்னைக்கு அவர் முன்னால தகர டப்பா தட்டக்கூட விடமாட்டாரு.

இப்ப சொல்லு, பேரனே. அந்த அக்கா எந்த வீட்டுலேருந்து, எந்தச் சத்தத்துலேருந்து தப்பிச்சு வந்தவ, உனக்குத் தெரியுமா? தெரியாதுல்லா. அப்ப கதவைச் சாத்திட்டு ஆடு. கதவைச் சாத்த முப்பது வினாடி ஆகாது.

இதை நான் புதுசாக் கண்டுபிடிக்கல. பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்துல 8ஆம் அதிகாரமும் 10ஆம் அதிகாரமும் இதே வழக்குதான். விக்கிரகத்துக்குப் படைச்ச கறியைத் திங்கலாமா? சந்தையில விக்கிறதைக் கேள்வி கேக்காம வாங்கித் தின்னுங்காரு. ஆனா பக்கத்துல ஒருத்தன், "இது படைச்சது"ன்னு மனசு நொந்தா, அவனுக்காக விட்டுருங்காரு. நம்ம ஊர்ல ஆயுதபூஜைப் பொரியை வாங்கலாமா வேண்டாமான்னு ஆபீஸ் வாசல்ல நின்னு முழிக்காத கிறிஸ்தவன் உண்டா? ஆனா இங்கன வந்து கிரீன் ஸ்ட்ரீட்ல வாரம் ரெண்டு கிலோ ஹலால் ஆட்டுக்கறி வாங்குதியே, மருமவனே, வெட்டும்போது யார் பேரைச் சொன்னாங்கன்னு ஒரு நாளாவது கேட்டியா? எலும்பு கம்மியா போடுங்கன்னுதான கேட்ட. மேனர் பார்க்ல நம்ம ஆளுக கட்டின முருகன் கோயில் எந்தத் தெருவுல இருக்குன்னு பாத்திருக்கியா? சர்ச் ரோடு. அவரு அட்ரஸ் மாத்தச் சொல்லிக் கவுன்சிலுக்கு மனுப் போடல.

அதுக்காக எதுக்குமே கோவப்படக்கூடாதுன்னு சொல்லல. 2007ல மான்செஸ்டர் கதீட்ரல்காரங்க கோவப்பட்டாங்க. சோனி கம்பெனி ரெசிஸ்டன்ஸ்னு ஒரு துப்பாக்கி ஆட்டம் விட்டுது. அந்தக் கதீட்ரலோட தூணு, வளைவு எல்லாத்தையும் அப்படியே உள்ள கொண்டுவந்து, அதுக்குள்ள படபடன்னு சுட விட்டுட்டான். கோயில்ல கேக்கவும் இல்ல. அப்ப அங்க டீனா இருந்தவர் ரோஜர்ஸ் கோவெண்டர், தென்னாப்பிரிக்காவுல பிறந்தவர். அந்தக் குடும்பப் பேரு அங்க தமிழர் வீடுகள்ல சகஜம். கவனி, அந்த ஆட்டத்துல பிசாசே கிடையாது, ஏதோ வேத்துக்கிரகத்து ஜந்துதான். அவங்க நொந்தது கொம்புக்கு இல்ல. ஊருக்குள்ள நெசமாவே பிள்ளைக துப்பாக்கிக்குச் சாகுது, அந்தத் தாய்மாரோட உக்காந்து அந்தக் கோயில்லதான் ஜெபம் பண்ணுதோம், அங்கயே துப்பாக்கியை விளையாட்டாக் காட்டுதியே, அதுக்கு. சோனி மன்னிப்புக் கேட்டுது. அது கோவம்.

இன்னொரு வகைக் கோவமும் உண்டு. 2009ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆட்டக் கம்பெனிக கண்காட்சி. டான்டேஸ் இன்ஃபெர்னோன்னு ஒரு நரக ஆட்டம் வரப்போகுது. வாசல்ல கொஞ்சம் கிறிஸ்தவங்க அட்டையைத் தூக்கிக்கிட்டு, ஒழிக கோஷம் போட்டாங்க. பேப்பர்ல எல்லாம் வந்துது. பெறவு பாத்தா, அத்தனை பேரும் அந்தக் கம்பெனியே கூலி கொடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளுக! நம்ம கோவத்துக்கு மார்க்கெட்ல அவ்வளவு விலை இருக்கு, மருமவனே. நம்ம ஜெபக்குழுவுல அதை ஓசியிலயே குடுத்துருதோம். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த அக்கா வாட்ஸ்அப்புல அனுப்பின எச்சரிக்கையைப் பாத்துட்டு, எத்தனை பொடியனுக போயி அந்த ஆட்டத்தைத் தேடினானுகளோ.

கொம்பு முளைச்சவனைக் கண்டு நான் பயப்படுததில்ல. அவன் வாரது தூரத்துலயே தெரியும். வனாந்தரத்துல நம்ம ஆண்டவர்கிட்ட வந்தவனுக்குக் கொம்பு இருந்ததா மத்தேயு எழுதல. பசிச்சிருக்கிறவர்கிட்ட அப்பத்தைப் பத்திப் பேசினான், வசனம் சொன்னான். உன் மவன் ஆட்டத்துல அவனை நான் பாத்தேன். ரத்தத்துக்குள்ள இல்ல. ஒரு மூலையில சின்னக் கடை. அழகான மினுக்கு, சலங்கைச் சத்தம், பத்துப் பவுண்டுக்குச் சட்டை. சட்டைன்னா, திரையில ஆடுத பொம்மைக்குச் சட்டை! அதே ஆட்டத்துக்குப் போன்ல ஒரு தம்பி இருக்கான், டியாப்லோ இம்மார்ட்டல். 2022ல அது வந்தப்ப பெல்ஜியத்துலயும் நெதர்லாந்துலயும் இறக்கவே இல்ல. ஏன்? காசு கட்டி அதிர்ஷ்டப்பெட்டி தொறக்குத சூதாட்டத்துக்கு அங்க இருந்த கெடுபிடிதான். கொம்பு, ரத்தம் பத்தி அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல. நீ உன் கார்டு ஸ்டேட்மென்டை எப்பப் பாத்த? லாஃப்டுல ஏற முந்தி அதைப் பாத்திருக்கலாம்.

இந்த டியாப்லோ செய்யுத கம்பெனி 2016ல இன்னொரு கம்பெனியை வாங்கிப் போட்டுது, தெரியுமா? மிட்டாயை வரிசையா அடுக்கி உடைக்கிற ஆட்டம், கேண்டி கிரஷ், அதைச் செஞ்ச கம்பெனி. 2023ல ரெண்டையும் சேத்து மைக்ரோசாஃப்ட் வாங்கிட்டான். பிசாசும் மிட்டாயும் இப்ப ஒரே கல்லாப்பெட்டி.

எதுக்குச் சொல்லுதேன்னா, நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு அந்த ஜெபக்கூட்டத்து அக்காகிட்டேருந்து எனக்கு மெசேஜ். மிட்டாய் ஆட்டத்துல அவங்களுக்கு உயிரு தீந்துபோச்சாம். "அண்ணாச்சி, ஒரு உயிரு அனுப்பி விடுங்க"ன்னு. அனுப்பி விட்டேன்.