கார்டு எடுக்கலை: எட்டாம் திணை பற்றிய ஓர் ஆராய்ச்சி

அகத்திணை ஏழு என்று வகுத்தார் தொல்காப்பியர். எட்டாவது ஒன்றை விட்டுவிட்டார் என்று அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் காலத்தில் பாஸ்போர்ட்டும் இல்லை, பிளாஸ்டிக் அட்டையும் இல்லை. வெளிநாட்டுக் கடையில் கல்லாவின் முன் நிற்பவரின் வங்கி அட்டையை மெஷின் ஏற்க மறுக்கும் நிலையே அந்த எட்டாம் திணை. உலக வழக்கில் இதற்கு 'கார்டு எடுக்கலை' என்று பெயர். எடுக்காதது யார்? மெஷினா, கடைக்காரரா, வங்கியா? தொடரில் விடை இல்லை. தோன்றா எழுவாய். அந்த எழுவாயைத் தேடிப் பிடிப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதலில் முதற்பொருள். நிலம், குடியேற்ற முத்திரை குத்தப்பட்ட பிறகு வரும் எந்த நிலமும். பெரும்பொழுது, பள்ளிகளின் கோடை விடுமுறை. சிறுபொழுதுதான் கவனிக்கத்தக்கது: அந்த விடுமுறைக் காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் பிற்பகல் 2 மணி என்றால் சென்னையில் பின்னிரவு 2.30. கருப்பொருள்களில் உணா, ஏற்கெனவே சாப்பிட்டு முடித்ததால் திருப்பித் தர இயலாத உணவு. பறை, மெஷின் எழுப்பும் 'பீப்'. தெய்வம், கஸ்டமர் கேர். யாழ், அத்தெய்வம் வரும்வரை தொலைபேசியில் ஒலிக்கும் இசை. உரிப்பொருள், நாணலும் நாணல் நிமித்தமும்.

இத்திணை மாந்தர் மூவகையினர். துடைப்போர், அட்டையைச் சட்டையில் தேய்த்து மறுபடி செருகுவர். விளக்குவோர், கணக்கில் பணம் இருக்கும் செய்தியைக் கேட்காதவர்களுக்கும் சொல்வர். மூன்றாமவர் மனைவியையோ கணவரையோ திரும்பிப் பார்ப்பர். இவர்களைப் பற்றி மேலே ஆராய்வது நாகரிகமாகாது.

துடைப்போரின் கொள்கைக்கு ஆதாரம் குறைவு. அட்டையைச் செருகியதும் விவரம் கடைக்காரரின் வங்கிக்குப் போய், விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக அட்டை தந்த வங்கியை எட்டி, சில நொடிகளில் விடையோடு திரும்புகிறது. அந்த வங்கியே மறுத்திருந்தால், சிப் சரியாகவே படிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அட்டை ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. ஊரில்தான் கதவு திறக்கவில்லை.

மறுப்புக்கு இலக்கணமும் உண்டு. ஐஎஸ்ஓ 8583 என்னும் சர்வதேசத் தரத்தின்படி ஒவ்வொரு மறுப்பும் ஓர் எண்ணைச் சுமந்து வருகிறது. 51 என்றால் போதிய பணம் இல்லை. 54, அட்டை காலாவதி. 55, பின் நம்பர் தவறு. 75, தவறு அளவு மீறிவிட்டது. 91, அட்டை தந்த வங்கி பேசவில்லை. இவற்றிலெல்லாம் நியாயம் இருக்கிறது. எரிச்சல் தருவது 05. அதன் ஆங்கில வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மதிக்காதே' என்று வரும். வங்கி மொழியில் 'பணம் தராதே'. காரணம் சொல்லப்படாது. பொதுவாக இந்த எண்கூட வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை; திரை 'மறுக்கப்பட்டது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 51-ஐப் பற்றியும் ஒரு குறிப்பு: ஓட்டலில் அறை எடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். செலவே செய்யாதவரும் அதனால் ஏழையாகலாம்.

எழுவாய் சிலவேளை அஞ்சல் துறையாகவும் இருக்கும். அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் பல பம்புகள், அட்டையைச் செருகியதும் அஞ்சல் குறியீட்டைக் கேட்கின்றன. அங்கே ஐந்து இலக்கம். மயிலாப்பூரோ 600004, ஆறு இலக்கம். எந்த இலக்கத்தைத் துறப்பது என்ற தத்துவச் சிக்கலில் இறங்காமல், உள்ளே போய்க் காசாளரிடம் இவ்வளவுக்கு என்று சொல்லிக் கட்டுவதே அனுபவசாலிகளின் வழி.

இந்திய அட்டைகளைப் பொறுத்தவரை எழுவாய் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி புதிதாகத் தரப்படும் அட்டை உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடை மெஷின்களிலும் மட்டுமே செல்லும். வெளிநாட்டுப் பயன்பாட்டை உரியவரே திறந்துவிட வேண்டும். திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் திறக்க வங்கி ஆப் வேண்டும், அது ஓடிபி கேட்டாலோ இந்திய சிம் வேண்டும், அந்த சிம்மைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளூர் சிம்மைப் போட்டிருக்கிறார்! சரி, தெய்வத்தையே அழைக்கலாம் என்றால், 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைப்பதில்லை. அட்டையின் பின்புறம் +91 எண் ஒன்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்து வைப்பவர் இத்திணையில் இடம்பெறார்.

யாருமே குற்றவாளி இல்லாத மறுப்பும் நிகழ்ந்திருக்கிறது. 2018 ஜூன் 1, வெள்ளிக்கிழமை, விசாவின் பிரிட்டன் தரவு மையம் ஒன்றில் ஸ்விட்ச் எனப்படும் கருவி பாதி பழுதடைந்தது. முழுதாகக் கெட்டிருந்தால் மாற்றுக் கருவி வேலையை ஏற்றிருக்கும். பாதி கெட்டதால் குழப்பம். ஐரோப்பா முழுக்க சுமார் 52 லட்சம் பரிவர்த்தனைகள் தோற்றன. கடை கடையாக மக்கள் சட்டையில் துடைத்திருப்பார்கள். சில சமயம் எழுவாய் போர். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியபோது, வெளிநாட்டில் தரப்பட்ட அவ்விரு நிறுவன அட்டைகள் மாஸ்கோவில் வெறும் பிளாஸ்டிக் ஆயின. பணம் இருந்தது, பின் நம்பர் சரி, அட்டை புதிது.

வங்கி, ஆப், ஸ்விட்ச், போர் என எழுவாய் எதுவானாலும் நாணுபவர் மட்டும் ஒருவரே. பின்னால் வரிசையில் நிற்பவருக்கு 51-க்கும் 91-க்கும் வேறுபாடு தெரியாது.

புறனடை ஒன்று உண்டு. 2015 ஜூன் கடைசியில் கிரேக்க நாட்டு வங்கிகள் மூடப்பட்டன. ஏடிஎம்மில் நாளொன்றுக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்று அரசு கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு அட்டைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்தக் கோடையில் ஏதென்ஸ் நகரத்து ஏடிஎம் வரிசையில் அட்டை நன்றாக எடுத்தது சுற்றுலாப் பயணிக்கு. 60 யூரோவோடு வீடு திரும்பியவர் உள்ளூர்க்காரர்.