காயில் சுற்றப் போகிறீர்களா?

கேள்வி: வேப் கருவிக்கு நானே காயில் சுற்றிப் பஞ்சு வைக்க ஆசை. வெடிக்காமல் செய்வது எப்படி? (ஒரு வாசகர், லண்டன்)

பதில்: லண்டனிலிருந்து கேட்டீர்கள், பிழைத்தீர்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் விற்பதும் குற்றம், இருப்பு வைப்பதும் குற்றம்.

வெடிப்பது காயில் அல்ல, பேட்டரி. முழுதாக சார்ஜ் ஆன பேட்டரியின் 4.2 வோல்ட்டைக் காயிலின் ஓம் அளவால் வகுத்துப் பாருங்கள். 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர்; 0.2 என்றால் 21! பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் கருவியில் அதைத் தடுக்க ஆளில்லை. புதியவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஓம் அளவைக் காட்டி, ஷார்ட் ஆனால் வேலைநிறுத்தம் செய்யும் கருவியே நல்லது. உறை கிழிந்த பேட்டரியைத் தொடாதீர்கள். நல்ல பேட்டரியையும் சாவிக்கொத்தோடு பையில் போட்டால் வேட்டி எரிய காயிலே தேவையில்லை.

26 கேஜ் காந்தல் கம்பியை 3 மி.மீ. தண்டில் ஆறு சுற்று சுற்றினால் சுமார் 0.8 ஓம் வரும். திருகை முடுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை ஒட்ட நறுக்குங்கள். மூடியில் உரசினால் ஷார்ட். பஞ்சு வைக்கும் முன், குறைந்த வாட்டில் பட்டனை விட்டு விட்டு அமுக்குங்கள். சிவப்பு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவ வேண்டும். ஓரம் முந்திக்கொண்டால், பீங்கான் இடுக்கியால் சுற்றுகளை நெருக்குங்கள்.

பஞ்சு, ஊசிக்காதில் நூல்போல் சுலபமாக ஓடக் கூடாது. லேசாக முரண்டு பிடிக்க வேண்டும். திணித்தால் கருகும், தளர்ந்தால் ஒழுகும். திரவத்தில் நன்றாக ஊறிய பிறகே பட்டன்.

ஆமாம், நீங்கள் ஏற்கெனவே புகைப்பவர்தானே? இல்லையென்றால் சுற்றிய காயிலை ஷோகேஸில் வையுங்கள்.