பேர் பொறித்த பெருமான்கள்

எகிப்தின் லக்சர் நகரில், கர்நாக் கோயில் வாசலில் கால் வைத்ததுமே எனக்குப் பேர் மாற்றிவிட்டார்கள். "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று பாசிமணி விற்பவர் கூவ, பக்கத்துத் தொப்பிக்கடைக்காரர் வழிமொழிந்தார். அவர் உயரத்துக்கு எனக்கு இன்னும் முக்கால் அடி பாக்கி. ஆனாலும் நான் மறுக்கவில்லை. ஆளைப் பார்க்காமல் பேரை ஒட்டுவது இந்த வளாகத்தில் 3,000 வருஷத்துப் பழக்கம் என்பது உள்ளே போனதும் புரிந்தது.

முதல் முற்றத்தில் ஒரு பிரம்மாண்டக் கல் ராஜா நிற்கிறார். காலடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ராணி. "இரண்டாம் ராம்சேஸ். ஆனால் பேர் பினெட்ஜெமுடையது" என்றார் வழிகாட்டி. பின்னாளில் வந்த தலைமைப் பூசாரி பினெட்ஜெம், சிலை செதுக்கும் சிரமம் இல்லாமல் பேரை மட்டும் செதுக்கிக்கொண்டாராம். ராம்சேஸுக்காக 'ஐயோ பாவம்' என்று வாயெடுத்தேன். "கொஞ்சம் பொறுங்கள்" என்று தூண் மண்டபத்துக்குள் அழைத்துப் போனார்.

மொத்தம் 134 தூண்கள். நடுவில் நிற்கும் 12 தூண்களும் 21 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்ததில் என் தொப்பி பின்னால் விழுந்தது. வடபாதிச் சிற்பங்கள் அப்பா முதலாம் சேத்தி காலத்தவை. உருவங்கள் கல்லிலிருந்து மெல்லப் புடைத்து நிற்கின்றன. தென்பாதி மகன் ராம்சேஸின் கைவரிசை. எல்லாவற்றையும் கல்லுக்குள் குடைந்து இறக்கியிருக்கிறார். குடைந்த எழுத்தில் நிழல் விழுவதால் உச்சி வெயிலிலும் பளிச்சென்று தெரியும். வேலையும் சீக்கிரம் முடியும். முக்கியமாக, பின்னால் வருகிறவன் சுரண்டி எடுக்க முடியாது. முன்னோர் கட்டியதில் எல்லாம் தன் பேரை ஏற்றியவர் அல்லவா? அடுத்த வீட்டில் கைவைத்துப் பழகியவருக்குத்தான் பூட்டின் அருமை தெரியும்.

பின்னால் வந்தவர்களும் சளைக்கவில்லை. நான்காம் ராம்சேஸ் தூண்களில் காலி இடம் தேடித் தேடித் தன் பேரை வெட்டினார். ஆறாம் ராம்சேஸ் காலி இடமெல்லாம் தேடவில்லை. நான்காமவர் பேர்மேலேயே தன் பேரை வெட்டிவிட்டார். வெள்ள நிவாரணப் பொட்டலத்தில் ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதுபோல.

இத்தனை போட்டியிலும் பிழைத்தது யார் என்று பார்த்தால், ஒளித்து வைக்கப்பட்டவர்கள்! அரசி ஹட்செப்சுட் நட்ட ஒற்றைக்கல் ஊசித்தூண் ஏறக்குறைய 30 மீட்டர் உயரம், அஸ்வான் கிரானைட். அவருக்குப் பின் மூன்றாம் துட்மோஸ் அதன் கீழ்ப்பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார். அந்தச் சுவரே அதற்குக் கவசமாகிவிட்டது. முதலாம் செனுஸ்ரெட்டின் வெள்ளை மண்டபத்தைப் பிரித்து, மூன்றாம் அமென்ஹோடெப்பின் வாயில் கோபுரத்துக்குள் ஜல்லியாகக் கொட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டில் வெளியே எடுத்துக் கோத்தபோது, சிற்பங்கள் நேற்று உளி பட்டவைபோல இருந்தன. நிலைத்த புகழ் வேண்டுமென்றால் நல்ல விரோதி ஒருவன் அமைய வேண்டும்போல.

வழிகாட்டி தண்ணீர் குடிக்க ஒதுங்கிய நேரம், நீள அங்கி போட்ட காவலாளி ஒருவர் உதட்டில் விரல் வைத்து, பரம ரகசியம்போல என்னை ஒரு தூணுக்குப் பின்னால் அழைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு ஜப்பானியக் குடும்பம் அதே ரகசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் நகர்ந்ததும், "ராம்சேஸ்!" என்று நீள்வட்டத்துக்குள் இருந்த பேரைத் தொட்டுக் காட்டினார். என் விரல்நுனி முழுசாகப் புதையும் ஆழம். போனை அவரே வாங்கி, என்னைத் தூணோடு ஒட்டி நிற்க வைத்துப் படமெடுத்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

படத்தைப் பார்த்தேன். நான் இருந்தேன், தூண் இருந்தது. ராம்சேஸின் பேர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் காவலாளியின் கட்டைவிரல். யாராலும் அழிக்க முடியாதபடி ஆழமாக வெட்டியவரை ஒற்றை விரலால் மறைத்த மனுஷனுக்கு 20 பவுண்டு எந்த மூலைக்கு? இன்னொரு 20 சேர்த்துக் கொடுத்தேன்.