பழைய அமெரிக்கக் கார் விற்பனையியல்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ஆசைக்காக வைத்திருக்கும் பழைய அமெரிக்க சொகுசுக் காரை விற்பது கார் வியாபாரத்தின் கிளை அன்று, தனித்துறை. வியாபாரி வாங்கும்போதே விற்பதை நினைக்கிறார். ஆர்வலர் விற்கும்போதும் வைத்துக்கொள்வதையே நினைக்கிறார். இத்துறையின் சிக்கல்கள் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

ஆய்வில் ‘கார்’ என்பது கேடிலாக், ப்யூக், பேக்கார்டு, கிரைஸ்லர் ஆகிய உயர்குடியினரைக் குறிக்கும். ஷெவர்லே இம்பாலா, டாட்ஜ், பிளைமவுத் ஆகியவை அமெரிக்காவில் நடுத்தர வகுப்பைச் சேர்ந்தவை. ஆயினும் கடியாபட்டியிலோ இராயவரத்திலோ உரிமையாளரின் வாசலில் நின்று அப்படிச் சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை. ஆகவே அவையும் சொகுசு வகுப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. புதுக்கோட்டை நகரம், திருமயம், அரிமளம், பொன்னமராவதி வட்டாரங்கள் ஆய்வுக் களமாகும்.

2. பிறப்பியல்

இப்பகுதியில் அமெரிக்கக் கார் முளைத்ததற்கு மண்வளம் காரணமன்று. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தாரின் பணம் தேக்குத் தூணாகவும் சலவைக்கல்லாகவும் வீட்டுக்குள் போனது போக, மிச்சம் காராகி வாசலில் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பாகங்களை இணைத்து ஷெவர்லே உள்ளிட்ட கார்களை விற்றது. வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் நிறுவனம் 1947-இல் குர்லாவில் அதே முறையில் டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளை இணைக்கத் தொடங்கியது. இவற்றுக்கு வலப்பக்க ஸ்டியரிங். இறக்குமதி இறுகிய பின் வந்தவற்றில் பல, தூதரகங்கள் ஓட்டிக் கழித்து அரசு வர்த்தகக் கழகத்தின் வழியே விற்கப்பட்டவை. இவற்றில் இடப்பக்க ஸ்டியரிங் மிகுதி.

இடப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் முந்திச் செல்வது இருவர் செய்யும் வேலை. முன்னால் பேருந்து போனால் எதிரே வரும் லாரி ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்கம் அமர்ந்த மச்சினர் தலையை வெளியே நீட்டி, “வாங்க மச்சான், வாங்க... இருங்க, இருங்க!” என்று அறிவிக்க வேண்டும். மச்சினர் இல்லாமல் இவ்வண்டியை ஓட்டிக் காட்ட முடியாது. அவரைச் சேர்த்து விற்கவும் முடியாது.

1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதும், லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டிகளின் நிலை மாறியது. பலர் எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினர். அதிலிருந்து கார்கள் மூவகைப்படும்: பிறந்த எஞ்சினோடு இருப்பவை, டீசலுக்கு மாறியவை, எஞ்சினை இறக்கியதோடு நின்றவை. மூன்றாம் வகை எரிபொருள் செலவு வைப்பதில்லை. எனவே ஒரே குடும்பத்தில் நெடுங்காலம் தங்குகிறது.

3. விலையியல்

விலையைக் கீழ்க்காணும் வாய்பாட்டால் அறியலாம்:

வி = இ + ஓ + க

இதில் ‘இ’ என்பது இரும்பு விலை, ‘ஓ’ ஓட்ட விலை, ‘க’ கதை விலை.

இரும்பு விலை ஐயத்துக்கு இடமற்றது. 1959-ஆம் ஆண்டு கேடிலாக்கின் எடை இரண்டு டன்னுக்கு மேல். நீளம் 225 அங்குலம், அதாவது 5.7 மீட்டர். அம்பாசடரைவிட ஏறத்தாழ 1.4 மீட்டர் கூடுதல். காயலான் கடைக்காரர் காரைச் சுற்றி வருவதில்லை. பம்பரில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு எடையைச் சொல்கிறார். வாய்பாட்டின் மூன்று உறுப்புகளில் இது ஒன்றே புறவயமானது. விற்பவருக்கு அதிகம் வலிப்பதும் இதுவே.

ஓட்ட விலைக்கு நான்கு படிகள் உண்டு. முதற்படி: “ஓடும்.” இரண்டாம் படி: “ஸ்டார்ட் ஆகும்.” மூன்றாம் படி: “போன வருசம் வரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.” நான்காம் படி: “சின்ன வேலைதான், பேட்டரி மட்டும் மாத்துனாப் போதும்.” படி இறங்க இறங்கச் சொற்கள் பெருகுவதைக் காணலாம். 1953-க்கு முந்தைய கேடிலாக்குக்கு 6 வோல்ட் மின்சாரம். கடையில் கிடைக்கிறதே என்று 12 வோல்ட் பேட்டரியைப் பொருத்தினால் ஹாரன் முன்னெப்போதும் இல்லாத குரலில் ஒலித்து, பிறகு ஓய்வு பெறுகிறது.

சித்திரை வெயில் தனிக் காரணியாகும். கார்புரேட்டருக்குப் போகும் வழியிலேயே பெட்ரோல் சூடேறி ஆவியாகிவிட, பம்ப் வெறும் ஆவியை இழுக்கும், வண்டி நிற்கும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் கால்மணி நேரம் காத்திருப்பதே வழக்கமான வைத்தியம். விற்பனைக்கு நிற்கும் காரின் டிக்கியில் தண்ணீர்க் கேனும் கிழிந்த துண்டும் இருந்தால், வண்டி உண்மையிலேயே ஓடுகிறது என்று கொள்ளலாம். ஓடாத வண்டிக்கு அவை தேவைப்படுவதில்லை.

4. கதையியல்

மொத்த விலையில் பெரும்பங்கு கதையுடையது. நடிகர் எம்.ஆர். ராதா தம் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றினார் என்று தமிழகமெங்கும் சொல்லப்படுவதுண்டு. அதன் விளைவாக, வைக்கோல் துரும்பு கிடக்கும் எந்தப் பழைய காரும் வரலாற்று மதிப்புக் கோரும் நிலை ஏற்பட்டது. எந்த நடிகரும் ஏறாத கார் என்று சொல்லி விற்பவர் இந்த ஆய்வில் அகப்படவில்லை.

கதையைச் சோதிக்க ஆண்டுக் கணக்கே சிறந்த கருவி. புதுக்கோட்டையின் மைந்தரான பாடக நடிகர் பி.யு. சின்னப்பா 1951-இல் காலமானார். 1955-ஆம் ஆண்டு மாடலில் அவர் பின்சீட்டில் சாய்ந்து பாடிக்கொண்டே போனார் என்னும் கதைக்கு விலை தரலாகாது. இம்முரணைச் சுட்டிக்காட்டினால், விற்பவர் காரின் வயதை நான்கு ஆண்டு கூட்டுவாரே தவிரக் கதையைக் கைவிடமாட்டார்.

சில கதைகளுக்குக் காரே சான்று. 1941-இலிருந்து பல ஆண்டுகள் கேடிலாக் கார்களில் இடப்பக்கப் பின்விளக்கைத் தூக்கினால்தான் பெட்ரோல் ஊற்றும் வாய் தெரியும். பங்கில் குழாயைக் கையில் பிடித்த பையன் காரை இடமாக ஒருமுறையும் வலமாக ஒருமுறையும் சுற்றி வந்து, “அண்ணே, மூடி எங்கண்ணே?” என்பான். உரிமையாளர் உடனே சொல்வதில்லை. வண்டியை விட்டு இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்து பைக்காரர்களும் பார்க்கிறார்களா என்று உறுதி செய்தபின், விளக்கை ஒற்றை விரலால் தூக்குகிறார். விற்ற பிறகு அந்த விரலுக்கு வேலை இல்லை. கதை விலை என்று அவர் கேட்பது பெரும்பாலும் இந்த இழப்புக்கான ஈடு.

5. வாங்குநரியல்

வாங்க வருவோர் ஐவகையினர்.

முதலாமவர் பார்வையாளர். குடும்பத்தோடு வருவார், குழந்தையைப் பானெட்டின் மேல் உட்காரவைத்துப் படம் எடுப்பார், காபி குடிப்பார், “வீட்ல கலந்துட்டுச் சொல்றேன்” என்று புறப்படுவார். கலக்க வேண்டிய வீட்டார் அனைவரும் அவருடனேயே வந்திருந்தது பின்னர்தான் நினைவுக்கு வரும்.

இரண்டாமவர் கல்யாணக்காரர். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடும் திட்டம் உடையவர். எஞ்சினைப் பாரார், வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் எடுபடுமா என்பதே அவர் கேள்வி.

மூன்றாமவர் சினிமாக்காரர். செட்டிநாட்டு வீடுகளில் படப்பிடிப்புக்கு வந்த இடத்தில் காரைக் கண்டவர். விலைக்குக் கேட்கத் தொடங்கி இரண்டு நாள் வாடகைக்குக் கேட்டு முடிப்பார்.

நான்காமவர் தரகர். இருபக்கமும் கமிஷன் பெறுவதால் இருபக்கத்துக்கும் நல்லவர்.

ஐந்தாமவர் மெய்யான ஆர்வலர். இவர் வணக்கம் சொன்ன கையோடு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போய்விடுவார். அங்கிருந்து டார்ச் வெளிச்சமும், நாக்கைத் தட்டும் ஒலியும் மட்டும் வரும். வெளியே வந்ததும், உரிமையாளருக்குத் தெரியாத ஏழெட்டுக் குறைகளைச் சொல்வார். விற்பவருக்கு இவர்மேல் கோபம் வருவதில்லை. மாறாக மரியாதை பிறக்கிறது. இருவரும் மாலைவரை கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவர். விலையைப் பற்றிப் பேச நேரம் போதாது.

6. பேரவியல்

“என்ன விலை சொல்றீங்க?” என்பதும் “என்ன விலைக்குக் கொடுப்பீங்க?” என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை உண்டு. இரண்டாவதற்கு, “நீங்க கேளுங்க, சொல்றேன்” என்பதே விடை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தொகை பேசுவதுண்டு. சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. கார் பேரத்தில் துண்டு இல்லாத குறையால் தொகை தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. விலை படியாவிட்டாலும், “அத்தனைக்குக் கேட்டும் குடுக்கல” என்னும் பெருமை உரிமையாளரிடம் தங்கிவிடுவதால், படியாத பேரத்திலும் அவருக்கு நட்டமில்லை.

ஆடியில் பேரம் நடக்காது. பங்குனி, சித்திரையில் ஈரத்துணி தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகையில் மழை; கொட்டகையிலிருந்து வண்டியை எடுக்க மனம் வராது. எஞ்சிய மாதங்களில் வசதியானவை தையும் மாசியும். தையில் காரில் பொங்கலுக்கு ஊர் சுற்ற வேண்டியிருப்பதால் மாசி மட்டுமே விற்பனைக் காலமாகிறது.

7. ஆவணவியல்

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்தியாவோடு இணைந்தது. பின்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டம் ஆயிற்று. 1940-களின் கார் கொட்டகையைவிட்டு நகராமலே மூன்று ஆட்சிகளைக் கண்டிருக்கும். அதன் ஆர்.சி. புத்தகம் பெரும்பாலும் ஐயா பெயரில் இருக்கும். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றக் கோர வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். ஐயா தவறி நாற்பது ஆண்டு ஆகியிருந்தால், முதலில் வாரிசுச் சான்றிதழ், பிறகு சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளிகளின் சம்மதம். காரைப் பார்த்தே இராத பங்காளிக்கு அதன்மேல் பாசம் மிகுதி.

ஒரே மாநிலத்துக்குள் கைமாறினால் விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 வழியே தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30. ஐம்பது ஆண்டு கடந்த, சொந்த உபயோகக் கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. எனவே டீசலுக்கு மாறியவை வெளியே நிற்கின்றன. இப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம்; வணிக நோக்கில் ஓட்டக் கூடாது என்பதால் கல்யாணக்காரர் பட்டியலிலிருந்து நீங்குகிறார். பங்குக்குப் போவது எரிபொருள் நிரப்புதலில் அடங்கும் என்பதால் பின்விளக்கு நிகழ்ச்சிக்குத் தடையில்லை. விற்றால் இரு தரப்பும் 90 நாளுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

8. ஒழிபு

மேற்சொன்ன எந்தப் படிவத்திலும் கதைக்குக் கட்டம் இல்லை. வாய்பாட்டின் இ-யும் ஓ-வும் வாங்குபவர் தருவன. க-வை அவர் தருவதில்லை, தம்மிடம் புதுக் கதை இருப்பதாக நினைக்கிறார். இந்த இடைவெளியை நிரப்பிய விற்பனைகள் மட்டுமே நடந்தேறுகின்றன. நிரப்பும் முறை எளிது: விற்றவர் மாதம் ஒருமுறை வந்து காரைப் பார்க்கலாம், குறை சொல்லலாம், வாங்கியவர் மறுத்துப் பேசலாம் என்று வாய்மொழியாக ஒப்புக்கொள்வது. இதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை.

பெயர் மாற்றத்தை மட்டும் வாய்மொழியில் விட்டுவிடலாகாது. வண்டியை விற்றுக் கையில் கொடுத்துவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பதிவேட்டிலாவது உரிமையாளராக நீடிக்க விரும்பும் ஆர்வலர்கள் இத்தீர்ப்பை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.