எட்டிப் பார்ப்பவரை விரட்டும் கருவி செய்வது எப்படி?

2011-ல் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் திறந்ததிலிருந்து, தென்காசிப் பக்கம் கறுப்புத் திரையை வெறித்துக்கொண்டிருக்கும் இளவட்டங்களுக்குக் குறைவில்லை. டேட்டாபேசுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அவர்களில் யாராவது ஒரு கமாண்டு லைன் கருவி செய்யக் கிளம்பினால், இதோ என் யோசனைகள். பழகிப் பார்க்கக் குற்றாலத்து அருவிகளையே ஒரு டேபிளாகப் போட்டுக்கொள்ளுங்கள்: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, எதில் தண்ணீர் விழுகிறது, குளிக்க அனுமதி உண்டா, தடையென்றால் என்ன காரணம்.

முதலில், யாருக்கும் பழக்கமில்லாத கட்டளைகளை வையுங்கள். என்னென்ன டேபிள் இருக்கிறது என்று கேட்க எஸ்க்யூலைட்டில் புள்ளி வைத்து 'டேபிள்ஸ்', போஸ்ட்கிரஸில் பேக்ஸ்லாஷ் போட்டு 'டிடி', மைஎஸ்க்யூஎல்லில் 'ஷோ டேபிள்ஸ்'. நீங்கள் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடியுங்கள். வெளியேறும் வழியையும் லேசில் காட்டாதீர்கள். வெறுமனே 'எக்ஸிட்' என்று அடித்தவரை வெளியே விடப் போஸ்ட்கிரஸுக்கே 2018-ல்தான் மனசு வந்தது.

ஃபைல் பெயரைத் தப்பாக அடித்தால், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். எஸ்க்யூலைட் மாதிரி சத்தமில்லாமல் ஒரு காலி டேட்டாபேசைத் திறந்து காட்டுங்கள். சீசன் உச்சத்தில் குற்றாலத்தில் ஒரு அருவிகூட இல்லையென்று கண்டால் மனுஷன் வெலவெலத்துப் போவார்.

பேரருவித் தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்த பிறகுதான் நம் தலையில் இறங்குகிறது. உங்கள் கருவியில் அந்தப் பள்ளத்தை மூடிவிடுங்கள். பத்து லட்சம் வரியும் ஒரே மூச்சில் கொட்டட்டும்.

ஐந்தருவிக்கு நேரே 'தடைக்கான காரணம்' காலியாக இருக்கிறதா? காரணமே இல்லையா, யாரும் எழுதிவைக்கவில்லையா என்று தெரியக்கூடாது. 'நல்' (NULL) மதிப்பையும் வெற்று எழுத்தையும் ஒரே மாதிரி காட்டினால் போதும். போஸ்ட்கிரஸ் சொல்லாமலே அப்படித்தான் செய்கிறது.

கட்டம் போடும்போது தமிழை மறந்துவிடுங்கள். 'தென்காசி' நமக்கு 4 எழுத்து. யூனிகோடில் 8 குறியீடு. யுடிஎஃப்-8-ல் 24 பைட். திரையில் அது பிடிக்கும் இடமோ எழுத்துருவைப் பொறுத்தது. (இது மட்டும் கேலி இல்லை, நிஜமான தலைவலி.) பைட்டை எண்ணியே அகலம் வையுங்கள், கோடுகள் ஆளுக்கொரு பக்கம் ஓடும்.

கடைசியாக, பார்க்க வந்தவர் கையில் அழிக்கும் அதிகாரத்தையும் கொடுத்துவிடுங்கள். நிபந்தனை போடாமல் டேபிளையே துடைக்கும் கட்டளையைத் தடுக்க மைஎஸ்க்யூஎல்லில் ஒரு வசதி இருக்கிறது; ஆயிரம் வரிக்கு மேல் கொட்டாமலும் அது பார்த்துக்கொள்ளும். அதற்கு 'ஐ ஆம் எ டம்மி' என்று இன்னொரு பெயரையும் வைத்திருக்கிறார்கள். மானமுள்ள எவரும் அதைப் போடமாட்டார். நீங்களும் போடாதீர்கள்.