ஸ்டோர் முற்றத்தில் உலகப் படங்கள்

எங்கள் தேயிலை மலை உலகப் படவிழாவுக்குப் போய் முதற்பரிசு வாங்கியது 1935இல். உலகத்துப் படங்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்துசேர அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. பஸில் ரைட் என்ற ஆங்கிலேய இளைஞர், தேயிலைப் பிரசாரத்துக்காக ஒதுக்கிய பணத்தில் 1934இல் இங்கே வந்து கமராவும் கையுமாக அலைந்து எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற சுமார் நாற்பது நிமிடப் படம்தான் பிரசல்ஸ் விழாவில் அந்தப் பரிசைப் பெற்றது. தேயிலை விற்க வேண்டும் என்று அனுப்பியவர்களுக்கு அவர் கொண்டுபோய்க் கொடுத்ததில் சிவனொளிபாத மலை ஏறும் யாத்திரிகர்களும் புத்தர் சிலைகளும் நடனக்காரர்களுமே அதிகம். கொழுந்து பறிக்கும் பெண்கள் கொஞ்ச நேரம் வருகிறார்கள். வர்த்தகத்தைப் பற்றிய அந்தப் பகுதியில் காதில் விழுவதெல்லாம் விலையும் சரக்கும் பேசும் ஆங்கிலக் குரல்கள். ஒலியெல்லாம் பிறகு லண்டனில் சேர்த்தது. வர்ணனை சொன்ன லயனல் வென்ட் கொழும்புக்காரர். எங்கள் பாட்டிமார் மட்டும் ஒரு வார்த்தை பேசாமலே பிரசல்ஸ் போய்த் திரும்பினார்கள்.

அந்தப் படத்தை நான் பார்த்தது தலை நரைத்த பிறகு, மகளின் கைபேசியில். உலகப் படம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் தோட்டத்து ஸ்டோர் முற்றம்தான். கரண்ட் இருந்த இடம் துரை பங்களாவும் உத்தியோகத்தர் வீடுகளும் ஸ்டோரும் மாத்திரமே என்பதாலும், பங்களா வாசலில் நாங்கள் போய்க் குந்த முடியாது என்பதாலும், அரைத்த கொழுந்தின் வாசனை எந்நேரமும் தங்கியிருக்கும் அந்த முற்றத்தில்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். கொழும்பிலிருந்த தூதரகங்கள் 16 மில்லிமீட்டர் சுருள்களை இரவல் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் மாஸ்டர் ஒருவர் விடாமல் கடிதம் எழுதி அவற்றை வரவழைப்பார். தகரப் பெட்டிகள் உடரட்ட மெனிக்கேயில் ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கும். அங்கிருந்து கொழுந்து லொறியில் ஏறித் தோட்டத்துக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்திலேயே சேதி சொல்லிவிடுவார்கள், அன்றைக்கு மலையில் பேச்செல்லாம் அதுதான். பொழுது சாய்ந்ததும் அம்மாயிமார் கம்பளியைப் போர்த்திக்கொண்டும், நாங்கள் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டும், மேல் கணக்கு லயம், கீழ்க் கணக்கு லயம் என்ற பேதமில்லாமல் வந்து உட்காருவோம்.

நீங்களும் மலைநாட்டில் பிறந்தவரென்றால் நான் சொல்லாமலே தெரியும், ஆறு மணிக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும். புரொஜெக்டரின் வெளிச்சம் அந்த மூட்டத்துக்குள் புகுந்து போகும்போது, துணிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே படம் எங்கள் தலைக்கு மேலே கலங்கலாகத் தெரிய ஆரம்பித்துவிடும். யாரோ ஒருவருடைய தொப்பி, ஒரு ஜன்னல், குதிரையின் கால் என்று எதெதுவோ காற்றில் மிதந்து போகும், கைக்குழந்தைகள் துணியைப் பார்க்காமல் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு தாய் மடியில் கிடக்கும். மூட்டம் கெட்டியாகிவிட்டால் மாஸ்டர் படத்தை நிறுத்திவிடுவார். வாளியில் தேத்தண்ணி வரும். அடுத்து என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கதை கட்டுவோம். மூட்டம் விலகினதும் சுருள் மறுபடி ஓடும், எங்கள் கதை ஒன்றுகூடப் பலித்திராது. பத்து நிமிடப் படத்தை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்த அந்தச் சுகம் இன்றைக்கு எந்தத் திரையிலும் கிடைப்பதில்லை. இப்போதெல்லாம் என் பேரன் பத்து நிமிடப் படத்தை வேகம் கூட்டி ஆறு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, "நல்ல படம் தாத்தா" என்கிறான். அவன் பார்த்ததும் அதே படம்தானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

எங்கள் ஆட்களுக்கு மிகவும் பிடித்த படம் ஹொலந்து நாட்டு பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958இல் எடுத்த 'கிளாஸ்'. ஒஸ்கார் வாங்கிய படம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அது பெரிய காரியமாகப் பட்டிருக்காது. வசனமே இல்லை; கன்னம் உப்ப உப்பக் கண்ணாடியை ஊதுகிறவர்கள், அவர்கள் கை, அவர்கள் மூச்சு, பின்னால் ஜாஸ் இசை. அப்புறம் இயந்திரம் வரும், போத்தல்கள் வரிசையாக வரும், கழுத்து உடைந்த ஒரு போத்தல் இடையில் சிக்கிக்கொள்ள, இயந்திரம் அதை அறியாமல் பின்னால் வருவதையெல்லாம் தள்ளித் தள்ளி உடைத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு மனிதன் வந்து கையை நீட்டி அதை எடுப்பான். ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் அந்த இடத்தில் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். "நம்ம ஸ்டோரேதான்டா!" என்று ஒருவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இன்னொரு தரம் போடச் சொன்னார்கள், மாஸ்டர் சுருளைத் திரும்பச் சுற்றிப் போட்டார்.

பேச்சு உள்ள படமென்றால் மாஸ்டர் துணிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைத் தமிழில் உரக்கச் சொல்வார். எழுத்தில் இல்லாததையும் சொல்வார் என்பது நான் வளர்ந்து படிக்கக் கற்ற பிறகுதான் விளங்கியது. "மாஸ்டரையா, அந்தப் பொம்பளைக்கு எத்தன புள்ளைங்க?" என்று ஓர் அம்மாயி கேட்பார். படத்தில் அதைப் பற்றி மூச்சே இராது. மாஸ்டர் ஒரு கணமும் தயங்காமல், "மூணு, மூத்தது மட்டும் பொண்ணு" என்பார். அம்மாயி திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு மேற்கொண்டு பார்ப்பார். எந்த நாட்டுப் பெண்ணாக இருந்தாலும் அவளுடைய குடும்ப நிலவரம் தெரியாமல் எங்கள் ஆட்கள் அவளுக்காக அழமாட்டார்கள். அதை மாஸ்டர் அறிந்து வைத்திருந்தார். இன்று உலகத்து எந்தப் படத்துக்கும் பொத்தானைத் தட்டினால் எழுத்து வருகிறது, சரியான எழுத்து. அந்த மூன்று பிள்ளைகளை மட்டும் காணோம்.

அல்பேர் லமொரிஸின் 'சிவப்புப் பலூன்' வந்த இரவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1956இல் கான் விழாவில் குறும்படத்துக்கான பரிசு பெற்றது. பேச்சு அனேகமாக இல்லாத முப்பத்து நான்கு நிமிடப் படத்துக்கு, திரைக்கதைக்காக ஒஸ்காரும் கொடுத்தார்கள். பாரிஸின் மேட்டுத் தெருக்களில் ஒரு பையன், அவன் பின்னாலேயே வரும் பலூன். பொறாமைக்காரப் பையன்கள் அதைக் கல்லால் அடித்துச் சாகடித்ததும் ஊர்ப் பலூன்களெல்லாம் கூடிவந்து பையனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். முற்றத்தில் அவ்வளவு பேர் இருந்தும் சத்தமில்லை. அது பல வீடுகளில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்திருந்தார்கள். அன்று என் பக்கத்தில் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்த கூட்டாளியின் குடும்பம் பிறகு ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போய், நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கூடை தூக்கியது. பல வருடம் கழித்து, கோத்தகிரியிலிருந்து வட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு சேதி வந்தது. கடிதமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை, அந்தப் பலூன் படத்தின் இணைப்பு மட்டும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, அவன் அங்கேயும் நான் இங்கேயுமாகப் பார்த்தோம். முடிந்ததும் அவன் அனுப்பிய குரல் பதிவில், "அங்க மூட்டமா?" என்று மட்டும் கேட்டான்.

நடுவில் டெக் காலம் வந்தது. ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது நாட்டுக்கே படம் அனுப்பும் கோபுரம் எங்கள் பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் எழுந்து நின்றது; அதன் கீழே இருந்த லயங்கள் பலவற்றில் அப்போது கரண்ட் இல்லை. கார் பேட்டரியை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றி வந்து, டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். மூன்றும் பெரிய படம். வாடகை கொடுத்துவிட்டுப் பத்து நிமிடப் படம் பார்க்க யார்தான் சம்மதிப்பார்? குறும்படம் என்ற ஒன்று இருந்ததையே எங்கள் மலை மறந்துபோன வருடங்கள் அவை.

மறுபடி அதைக் கண்டெடுத்தது யாழ்ப்பாணத்தில். அனோமா ராஜகருணா பொறுப்பேற்று நடத்தும் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா 2015இல் ஆரம்பித்தது. குறும்படங்களுக்கும் அங்கே மரியாதையான இடம் உண்டு. கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர்கள், கையேடு, படம் முடிந்ததும் இயக்குநரிடம் கேள்வி கேட்கும் கூட்டம் என்று எல்லாம் ஒழுங்காக நடந்ததைப் பார்க்க மனது நிறைந்தது. இருட்டில் முன்பின் தெரியாத இருநூறு பேரோடு சேர்ந்து ஒரே இடத்தில் சிரித்தபோது, இதைத்தானே இத்தனை வருடம் இழந்திருந்தேன் என்று தோன்றியது. படத்தின் நடுவில் ஒருவரும் பேசவில்லை. யாராவது எழுந்து அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளே படம் எடுக்கிறார்கள், கைபேசியில். நான் பார்த்தவற்றில் பாதிப் படங்கள் பச்சை மலைக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டு, வயலினை அழவைத்து ஆரம்பிக்கின்றன. அதைத் தேயிலைப் பெட்டியின் மேலேயே பார்த்துவிட்டோம், பிள்ளைகளே, வேண்டாம். கமராவைக் காம்பராவுக்குள் கொண்டுபோனவர்களின் படங்களோ வேறு ஜாதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பின்னால் நகர்ந்து நிற்க இடமில்லை, ஆகவே முகத்துக்குக் கிட்டத்தில்தான் நிற்க வேண்டும். அடுப்புப் புகையும் மேல் பலகையில் அடுக்கிய துணி மூட்டையும் படிக்கிற பிள்ளையின் சிம்னி விளக்கு இருந்த இடத்தில் இப்போது தொங்கும் பல்பும் தானாகவே படத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்த அறையின் அளவே அவர்களுக்கு ஒரு பாணியைக் கொடுத்திருக்கிறது, எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொடுக்காத பாணி. அப்பாஸ் கியாரொஸ்தமி 1970இல் எடுத்த முதல் படத்தில் ரொட்டியோடு வீட்டுக்குப் போகும் பையனை ஒழுங்கையில் ஒரு நாய் மறிக்கும், பத்து நிமிடத்துக்கு அவ்வளவுதான் கதை. எங்கள் லயத்துக் கோடியில் அந்த நாயும் இருக்கிறது, ரொட்டியும் இருக்கிறது.

வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பலாமே என்று சொன்னால் பிள்ளைகள் கட்டணத்தைக் காட்டுகிறார்கள். பல விழாக்கள் விண்ணப்பத்துக்கே டொலரில் கேட்கின்றன. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபாயானதே 2021இல்தான், அதுவும் எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு. தாயின் பல நாள் கொழுந்தை ஒரு விண்ணப்பத்தில் போட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

அதனால்தான் ஹட்டனிலேயே ஒரு விழா வேண்டும் என்று நான் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உலகத்தின் மிகப் பழைய குறும்பட விழா பாரிஸிலோ ரோமிலோ பிறக்கவில்லை. ஜெர்மனியில் நிலக்கரியும் உருக்கும் விளைந்த ஒபர்ஹவுசன் என்ற தொழிலாளர் ஊரில், முதியோர் கல்வி நிலையத்தாரின் முயற்சியால் 1954இல் பிறந்தது. அந்த ரூர் பிரதேசத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2018இல் மூடிவிட்டார்கள், விழா இன்னும் நடக்கிறது. பிரான்ஸின் கிளெர்மோன்-பெரான், பெரிய குறும்பட விழா நடக்கும் மலைநாட்டு ஊர், டயர்த் தொழிற்சாலைகளால் வளர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலை ஊர் என்ன குறைந்தது?

நடத்துவதானால் சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயாப் பக்கத்து ஆட்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. உள்ளே வருவதற்குக் காசு கூடாது, தேத்தண்ணிக்கு மட்டும் வாங்கலாம். வெளிநாட்டுப் படங்களோடு எங்கள் பிள்ளைகளுடையதையும் கலந்தே போட வேண்டும், தனியாக ஒரு மூலையில் வைக்கக் கூடாது. அவற்றில் அம்மாயிமார் பேசுவார்கள், எங்கள் பேச்சில், முழுசாக. அயலூர்க்காரர் கீழே எழுத்தைப் படித்துக்கொள்ளட்டும். மற்றப் படங்களுக்குத் துணிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். உட்கார்ந்து சொல்வதற்கு, நல்ல தொண்டை உள்ள இரண்டு இளம் மாஸ்டர்மாரிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன்.