எல்லையம்மன் வாசலில் தலைவர்கள்

ஊரூர் ஆல்காட் குப்பத்தில் என் தாத்தா இரண்டு பேருக்குக் கட்டுப்பட்டவர். ஒருவர் எல்லையம்மன், இன்னொருவர் அறிஞர் அண்ணா. அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றாமல் கட்டுமரத்தைக் கடலில் தள்ளமாட்டார். தேர்தல் வந்துவிட்டால் கறுப்பு சிவப்புக் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடையாறு வரை நடப்பார். "சாமி இல்லேன்னு பேசற கட்சிக்கா ஓட்டுப் போட்ட?" என்று ஆயா கேட்டால், "இருக்குதுன்னு பொய் சொல்லி ஓட்டு கேக்கலியே" என்பார். 1970களில் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்டு வளர்ந்த வாக்குவாதம் இது. ஆயாவும் அவரை மடக்கியதில்லை, அவரும் ஆயாவின் விளக்கை அணைத்ததில்லை.

அந்தக் காலத்துத் தலைவர்கள் கடவுளைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது. 1953இல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைக்கும் போராட்டம் நடத்தினார். அண்ணா அந்த வழியில் போகவில்லை. பிள்ளையாரை உடைப்பதுமில்லை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுமில்லை என்று தன் நிலையை மேடையிலேயே சொன்னார். 1967 மார்ச்சில் முதலமைச்சரானபோது கடவுள் பெயரைச் சொல்லாமல், உளமார உறுதி கூறிப் பதவியேற்றார். அதே ஆண்டு அவரது அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. தாத்தா தன் மகளுக்கு அம்மன் சந்நிதியில்தான் தாலி கட்டவைத்தார். புதிய சட்டம் வேண்டியவருக்கு வழி திறந்தது, வேண்டாதவரைத் தடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ராஜாஜி இருந்தார். கீதையையும் ராமாயணத்தையும் மக்களுக்கு எழுதிய ஆத்திகர். 1972 டிசம்பரில் அவர் இறந்தபோது, சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டவர் பெரியார். அரை நூற்றாண்டு எதிரெதிராக நின்றவர்கள்தாம். ஆனாலும் மற்றவரின் கொள்கை வேஷமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

நம்பிக்கை மாறினால் அதையும் வெளியே சொல்லவேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே சான்று இருக்கிறது. குப்பத்தை ஒட்டியிருக்கும் பிரம்மஞான சபையில் வாழ்ந்து 1933இல் மறைந்தவர் அன்னி பெசன்ட். பாதிரியாரின் மனைவியாக இருந்தவர். தேவாலயத்தில் மனம் ஒப்பாமல் வழிபட முடியாது என்று 1873இல் வீட்டைவிட்டு வெளியேறினார். நாத்திகர் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டு 1877இல் வழக்கைச் சந்தித்தார். மறு ஆண்டு நீதிமன்றம் அவரிடமிருந்து மகளைப் பிரித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் அவரது நாத்திகமும் ஒன்று.

பிராட்லா 1880இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். கடவுள் பெயரால் ஆணையிடாமல் உறுதிமொழி மட்டும் சொல்ல அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. மீண்டும் மீண்டும் தேர்தலில் வென்றும் 1886 வரை தடையின்றி அவையில் உட்கார முடியவில்லை. அவர் முயற்சியால் 1888இல் அதற்கென்று சட்டமே வந்தது. 1891இல் அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனவர்களில், லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். இன்று நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை கடவுள் பெயரால் ஆணையிடவும் இடம் தருகிறது, உளமார உறுதி கூறவும் இடம் தருகிறது. 1949 அக்டோபரில், முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்கவேண்டும் என்று உறுப்பினர் காமத் கொண்டுவந்த திருத்தத்தை அரசியல் நிர்ணய சபை 68க்கு 41 என்று தோற்கடித்தது. தோற்கடித்தவர்களிலும் பக்தர்கள் இருந்தார்கள். தங்கள் சாமியை அடுத்தவர் மேல் சுமத்தக் கூடாது என்று நினைத்த பக்தர்கள்.

பெசன்ட் அம்மையார் 1889இல் பிரம்மஞானத்துக்கு மாறினார், பழைய தோழர்களை இழந்தார். 1917இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1909இல் எங்கள் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்ட சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக வருவார் என்று அறிவித்தார். அதே கிருஷ்ணமூர்த்தி 1929இல் தனக்காக அமைக்கப்பட்ட சங்கத்தைக் கலைத்தபோது அம்மையாரும் அங்கே இருந்தார். அவமானத்தை விழுங்கிக்கொண்டார், அவரைக் கைவிடவில்லை. அம்மையாரின் முடிவுகள் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முடிவுக்கும் அவர் விலை கொடுத்தார், அதனால்தான் மதிக்கிறேன்.

இப்போது காலம் வேறு. 2020 நவம்பரில் பா.ஜ.க. திருத்தணியிலிருந்து வேல் யாத்திரை புறப்பட்டது. 2021 ஜனவரியில் அதே திருத்தணியில் தி.மு.க. தலைவர் ஸ்டாலின் கையில் வெள்ளிவேல் ஏறியது. மே மாதம் அவரும் அண்ணா வழியில் உளமார உறுதி கூறியே பதவியேற்றார். 2024 ஆகஸ்டில் அரசின் அறநிலையத்துறை பழனியில் முருகன் மாநாடு நடத்தியது. 2025 ஜூனில் இந்து முன்னணி மதுரையில் நடத்தியது. தேர்தல் நேரத்தில் எங்கள் குப்பத்துக்கும் எல்லாக் கட்சி வேட்பாளரும் வருகிறார்கள். எல்லையம்மன் வாசலில் ஆரத்தி எடுத்துக்கொள்கிறார்கள், குங்குமம் வைத்துக்கொள்கிறார்கள், பக்கத்திலேயே கேமரா. அங்கிருந்து அருகிலுள்ள வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போகிறது வண்டி. அவர்களில் மெய்யான பக்தர் யார், மனதுக்குள் சந்தேகம் உள்ளவர் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே அவர்களுக்கு வசதி.

இதில் எனக்குக் கோபம் வருகிறது. நம்பிக்கையும் சந்தேகமும் ஒருவருடைய சொந்தப் பாடு, அதில் யாரும் நுழையவேண்டாம். அம்மனை விளம்பரப் பலகையாக்குவது பக்தருக்கும் அவமானம், பகுத்தறிவாளருக்கும் அவமானம். கற்பூரம் அணைந்த பிறகு பேசவேண்டியவை அப்படியே கிடக்கின்றன. அடையாற்றின் முகத்துவாரம் மண்மேடிட்டு அடைபடுகிறது. ஆற்றில் கழிவுநீர் வருகிறது. வலை உலர்த்தவும் படகு நிறுத்தவும் இருக்கும் மணல் எங்களுடையதாகவே நீடிக்குமா என்ற அச்சம் தீரவில்லை.

அதனால் ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வேட்பாளர் சாமி கும்பிடுகிறாரா என்று பார்க்காதீர்கள். தேர்தலுக்கு முன்பு அவர் இதே கொள்கையோடு வாழ்ந்தாரா, அதற்காக எதையாவது இழக்கத் துணிந்தாரா என்று கேளுங்கள். கோயில் வாசலில் உங்களிடம் கைகூப்பினால், முகத்துவாரத்துக்கு என்ன செய்யப்போகிறார் என்று அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பதில் சொல்லும் வரை வழி விடாதீர்கள்.